ஒரு வாக்கு தீர்மானித்த தொகுதி. வாக்களிக்க மறுத்த கிராமம்
கொள்ளேகால் வட்டாரம் கற்றுத்தரும் இரு பாடங்கள்

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புதுதில்லி: 1999 ஏப்ரல் 17-ம் தேதியை நாடாளுமன்ற வட்டாரங்களில் எவரும் மறந்துவிடவில்லை. அதிமுக ஆதரவை விலக்கிக் கொண்டதைத் தொடர்ந்து, பிரதமர் வாஜ்பாய் கொண்டுவந்த நம்பிக்கைத் தீர்மானம் அன்று மக்களவையில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஆதரவாக 269 வாக்குகள். எதிராக 270 வாக்குகள். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஓர் அரசு கவிழ்ந்தது. ஒரிசா முதல்வராகப் பதவியேற்ற பின்னரும் மக்களவை உறுப்பினர் பதவியை விட்டு விலகாதிருந்த கிரிதர் கமாங் அவைக்கு வந்து வாக்களித்தது சரியா, தவறா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது.

அவைக்குள் ஒரு வாக்கின் மதிப்பை அரசியல் கட்சிகள் நன்கு அறிந்திருக்கின்றன. முக்கிய வாக்கெடுப்பு என்றால் கொறடா உத்தரவு பறக்கும். நோயுற்ற உறுப்பினரையும் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்து வந்துவிடுவர். ஆனால், அந்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து தில்லிக்கு அனுப்பி வைக்கும் சாதாரண வாக்காளரிடம், "என் ஒருவனுடைய வாக்கினால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்ற எண்ணமே பரவலாக உள்ளது. 2019 மக்களவைத் தேர்தலில் 67.4 சதவீதம் பேர் வாக்களித்தனர். நாட்டின் தேர்தல் வரலாற்றில் அதுவரை இல்லாத அளவு அது. எனினும், 30 கோடிக்கும் அதிகமானோர் வாக்களிக்கவில்லை என்று தேர்தல் ஆணையமே பின்னர் கவலையுடன் சுட்டிக்காட்டியது.

இந்த எண்ணத்துக்குப் பதில் சொல்ல வல்ல பகுதி ஒன்று தமிழக எல்லையை ஒட்டியே உள்ளது. அதுதான் கர்நாடகத்தின் கொள்ளேகால். ஒரு வாக்கின் வலிமையை நாட்டுக்கு உணர்த்திய வட்டாரம் அது. அதே வட்டாரத்தின் மலைக்கிராமம் ஒன்று, வாக்களிக்க அழைப்பவர்களைப் பார்த்து ஒரு கேள்வியையும் எழுப்பியிருக்கிறது.

கோவையுடன் இருந்த தாலுகா

கொள்ளேகால் தமிழக வாசகர்களுக்குப் புதிய பெயர் அல்ல. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற இவ்வூர், சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு தாலுகாவாக இருந்தது. மொழிவாரி மாநிலங்கள் அமைக்கப்பட்ட 1956 நவம்பர் 1-ம் தேதி மைசூர் மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. பின்னர் மைசூர் மாவட்டத்தில் நீடித்து, 1997-ல் சாமராஜநகர் மாவட்டம் உருவானபோது அதன் ஒரு பகுதியானது. மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் தமிழக பக்தர்கள் பலருக்கும் இந்த வட்டாரம் பழகிய பூமி. முன்னாள் அமைச்சர் நாகப்பாவை 2002 ஆகஸ்டில் வீரப்பன் கடத்திச் சென்றதும், டிசம்பரில் அவர் சடலமாக மீட்கப்பட்டதும் இதே பகுதியின் துயர நினைவுகள்.

40,752 - 40,751

கொள்ளேகாலை அடுத்துள்ளது சந்தேமரஹள்ளி. 2004 கர்நாடக சட்டப்பேரவைத் தேர்தலில் அது ஒரு தனித்தொகுதி. காங்கிரஸ் சார்பில் ஆர். துருவநாராயண், மதச்சார்பற்ற ஜனதா தளம் சார்பில் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி களத்தில் நின்றனர். கிருஷ்ணமூர்த்தி, கேரள ஆளுநராகப் பதவி வகித்த பி. ராச்சையாவின் மகன் ஆவார்.

வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்டபோது துருவநாராயண் பெற்றவை 40,752. கிருஷ்ணமூர்த்தி பெற்றவை 40,751. ஒரு வாக்கில் ஒருவர் சட்டப்பேரவை உறுப்பினர் ஆனார். மற்றவர் வீடு திரும்பினார்.

அந்தத் தேர்தலில் கர்நாடகத்தில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பாஜக 79, காங்கிரஸ் 65, மதச்சார்பற்ற ஜனதா தளம் 58 இடங்களைப் பெற்றன. ஒவ்வோர் இடமும் கணக்கில் கொள்ளப்பட்ட சூழ்நிலை அது. இறுதியில் தரம்சிங் தலைமையில் காங்கிரஸும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் கூட்டணி அரசு அமைத்தன. ஒரு வாக்கு வித்தியாசத்தில் மோதிக்கொண்ட இருவரின் கட்சிகளும் ஒரே ஆளும் வரிசையில் அமர்ந்தன.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியிலும் இதுவே நிகழ்ந்தது. அம்மாநில காங்கிரஸ் தலைவராக இருந்த சி.பி. ஜோஷி 62,215 வாக்குகள் பெற, பாஜகவின் கல்யாண் சிங் சௌகான் 62,216 வாக்குகள் பெற்றார். ஆனால் அந்த நிகழ்வுக்கு முன்னோடி சந்தேமரஹள்ளிதான்.

ஓட்டுநருக்குக் கிடைக்காத நேரம்

இந்தத் தோல்வியைத் தொடர்ந்து பத்திரிகைகளில் பரவலாக வெளியான செய்தி ஒன்று உண்டு. கிருஷ்ணமூர்த்தியின் கார் ஓட்டுநர் அன்று வாக்களிக்கவில்லை என்பதே அது. வாக்குப்பதிவு நாளன்று வேட்பாளருடன் சாவடி சாவடியாகச் சுற்றிக்கொண்டிருந்தவருக்குத் தம்முடைய வாக்கைச் செலுத்த நேரம் கிடைக்கவில்லையாம்.

அவர் வாக்களித்திருந்தால் கிருஷ்ணமூர்த்தி வென்றிருப்பார் என்று சிலர் கூறுவது சரியன்று. அந்த வாக்கு அவருக்கே விழுந்திருந்தாலும் இருவரும் சமமாகியிருப்பர். அவ்வாறான நிலையில், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-வது பிரிவின்படி தேர்தல் அதிகாரி குலுக்கல் நடத்துவார். குலுக்கலில் பெயர் வருபவருக்கு ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்ததாகக் கருதப்படும். அந்த ஒரு வாக்கு கிருஷ்ணமூர்த்திக்கு வெற்றியைத் தந்திருக்காது. வெற்றிக்கான பாதி வாய்ப்பைத் தந்திருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. வாக்குரிமை பற்றிப் பேசும்போதெல்லாம் வாக்காளரின் அலட்சியத்தையே குறை கூறுகிறோம். அந்த ஓட்டுநரிடம் அலட்சியம் இருந்ததாக எவரும் கூறவில்லை. அவர் வேலையில் இருந்தார் என்பதே செய்தி. தேர்தல் நாளில் விடுமுறை கிடைக்காத தொழிலாளர்கள், உணவக ஊழியர்கள், வீட்டுப் பணியாளர்கள், தனியார் வாகன ஓட்டுநர்கள் என இவரைப் போன்றோர் நாடெங்கும் உள்ளனர்.

இவர்களுக்காகவே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135-பி பிரிவு 1996-ல் சேர்க்கப்பட்டது. வாக்குரிமை உள்ள ஊழியருக்கு வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் விடுமுறை அளிக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. தினக்கூலி பெறுவோருக்கும் இது பொருந்தும். மீறும் முதலாளிக்கு விதிக்கப்படும் அதிகபட்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? ஐந்நூறு ரூபாய். ஒரு நாள் வேலை நின்றால் ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் முதலாளிக்கு இந்தத் தொகை ஓர் அச்சுறுத்தலே அல்ல.

தேர்தல் பணிக்கு அரசு எடுத்துக்கொள்ளும் வாகனங்களின் ஓட்டுநர்களுக்குக்கூட அஞ்சல் வாக்குக்கோ, பணிச்சான்றிதழ் மூலம் வாக்களிப்பதற்கோ வழி உண்டு. கட்சிகளுக்காகவும் வேட்பாளர்களுக்காகவும் உழைப்போருக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. அவர்களுடைய உரிமை, அவர்களை வேலைக்கு அமர்த்தியவரின் நினைவாற்றலைப் பொறுத்தது.

பத்தொன்பது ஆண்டுக் காத்திருப்பு

சந்தேமரஹள்ளிக் கதை அத்துடன் முடியவில்லை. தொகுதி மறுசீரமைப்பில் அத்தொகுதியே மறைந்தது. 2008-ல் கொள்ளேகாலில் போட்டியிட்டு வென்ற துருவநாராயண், அடுத்த ஆண்டு சாமராஜநகர் மக்களவைத் தொகுதியில் நின்றார். எதிரே பாஜக வேட்பாளராக வந்தவர் அதே கிருஷ்ணமூர்த்தி. இம்முறை வித்தியாசம் 4,002 வாக்குகள். துருவநாராயணே வென்றார். 2014-ல் மீண்டும் இருவரும் மோதினர். அப்போது துருவநாராயண் 1,41,000-க்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

ஒரு வாக்கில் சட்டப்பேரவைக்குச் சென்ற துருவநாராயணுக்கும் குறுகிய தோல்வி காத்திருந்தது. 2019 மக்களவைத் தேர்தலில் பாஜகவின் வி. சீனிவாச பிரசாதிடம் அவர் 1,817 வாக்குகளில் தோற்றார். பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்ட தொகுதியில் இது சாவடிக்கு ஒரு வாக்கு என்ற அளவுக்கும் குறைவான வித்தியாசம்.

இதனிடையே கொள்ளேகால் வேறொரு காட்சியையும் கண்டது. அரசுப் பணியைத் துறந்து பகுஜன் சமாஜ் கட்சிக்காக உழைத்த என். மகேஷ், 2018-ல் இத்தொகுதியில் வென்றார். அத்தேர்தலில் கர்நாடகத்தில் அக்கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் இதுதான். இரண்டாம் இடம் பெற்றவர், காங்கிரஸில் சேர்ந்திருந்த கிருஷ்ணமூர்த்தி. குமாரசாமி அமைச்சரவையில் பள்ளிக் கல்வி அமைச்சரான மகேஷ், சில மாதங்களிலேயே பதவி விலகினார். 2019 ஜூலை 23-ம் தேதி குமாரசாமி அரசு நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்தபோது, அரசுக்கு ஆதரவாக வாக்களிக்குமாறு கட்சித் தலைமை கட்டளையிட்டிருந்தது. ஆனால், மகேஷ் அவைக்கே வரவில்லை. அரசு 99-க்கு 105 என்ற கணக்கில் தோற்றது. மகேஷ் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. எனினும், ஒரு வாக்கின் அருமையை அறிந்த வட்டாரத்தின் பிரதிநிதி, வாக்கெடுப்பு நாளில் தம் இருக்கையைக் காலியாக விட்டார் என்பது பதிவாகிவிட்டது.

2023 மார்ச் 11-ம் தேதி துருவநாராயண் மாரடைப்பால் காலமானார். இரண்டு மாதங்களுக்குப் பின் நடந்த சட்டப்பேரவைத் தேர்தலில் கொள்ளேகாலில் காங்கிரஸ் வேட்பாளராக நின்ற கிருஷ்ணமூர்த்தி, பாஜகவில் சேர்ந்துவிட்ட மகேஷை 59,519 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். ஒரு வாக்கில் நழுவிய சட்டப்பேரவை உறுப்பினர் பதவி அவருக்குக் கிடைக்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

இண்டிகநத்தத்தின் கேள்வி

இதுவரை சொன்னது முதல் பாடம். ஒவ்வொரு வாக்கும் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனால், இந்தப் பாடத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது.

கொள்ளேகால் தாலுகாவிலிருந்து பிரிக்கப்பட்ட ஹனூர் தாலுகாவில், மாதேஸ்வரன் மலை வனப்பகுதிக்குள் இருக்கும் கிராமம் இண்டிகநத்தம். 2024 ஏப்ரல் 26-ம் தேதி மக்களவைத் தேர்தலின்போது, சாலை, மின்சாரம், குடிநீர் ஆகிய அடிப்படை வசதிகள் செய்து தரப்படவில்லை என்று கூறி அக்கிராம மக்கள் தேர்தலைப் புறக்கணிப்பதாக அறிவித்தனர். அதிகாரிகள் சமாதானப்படுத்தி வாக்களிக்க வைக்க முயன்றபோது மோதல் மூண்டது. வாக்குச்சாவடி சூறையாடப்பட்டது. வாக்குப்பதிவு இயந்திரம் உடைத்து நொறுக்கப்பட்டது. அதிகாரிகளும் போலீஸாரும் தாக்கப்பட்டனர். அடுத்து வந்தவை வழக்குகளும் கைதுகளும்.

இயந்திரம் அழிக்கப்பட்டால் மறுவாக்குப்பதிவு நடத்த வேண்டும் என்பது சட்டம். அதன்படி ஏப்ரல் 29-ம் தேதி அச்சாவடியில் மீண்டும் வாக்குப்பதிவு நடந்தது. பட்டியலில் இருந்த 528 வாக்காளர்களில் வந்தவர்கள் 71 பேர் மட்டுமே. அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்த சீனிவாச பிரசாத் பெங்களூருவில் காலமானதும் அதே நாளில்தான்.

இயந்திரத்தை உடைத்ததையும் அதிகாரிகளைத் தாக்கியதையும் எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது. அதைவிட வேதனை தருவது இன்னொன்று. அதே சாவடியைச் சேர்ந்த மெந்தாரே என்ற சிறிய பழங்குடிக் குடியிருப்பின் மக்கள் வாக்களிக்க விரும்பினர். புறக்கணிப்பில் அவர்கள் சேராததே பகையாக மாறியது. வாக்களிக்க மறுப்பது ஒருவரின் உரிமை என்றால், வாக்களிப்பது அடுத்தவரின் உரிமை. முன்னதைக் காரணம் காட்டிப் பின்னதைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

ஆயினும், அந்தக் கிராமத்தின் குறையைக் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். மாதேஸ்வரன் மலைப் பகுதி 2013-ல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வனத்துக்குள் சாலை போடுவதும் மின்கம்பி இழுப்பதும் எளிதல்ல. வனத்துறையின் அனுமதி வேண்டும். இந்தச் சிக்கல்கள் உண்மையானவை. ஆனால், தேர்தல் நாளன்று வாக்குப்பதிவு இயந்திரத்தையும் அலுவலர்களையும் போலீஸாரையும் அதே காட்டுப்பாதையில் கொண்டு சேர்க்க முடிந்த அரசுக்கு, மற்ற நாள்களில் நோயாளியைக் கொண்டுவர ஏன் முடியவில்லை என்று அந்த மக்கள் கேட்டால், அதற்கு என்ன பதில்?

வாக்காளர் இரண்டு கிலோ மீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நெறிமுறை. குஜராத்தின் கிர் காட்டில், பாணேஜ் என்ற இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காகத் தேர்தல்தோறும் தனிச் சாவடி அமைக்கப்பட்டு வந்தது. உலக நாடுகள் வியக்கும் தொண்டு இது. அந்த வியப்பு வாக்குப்பதிவு நாளோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் மலைக்கிராமங்களின் மனக்குறை.

கட்டாயப்படுத்தலாமா?

வாக்களிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற குரல் நாடாளுமன்றத்தில் அவ்வப்போது எழுவது வழக்கம். பல தனிநபர் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன. பாஜக உறுப்பினர் ஜனார்தன் சிங் சிக்ரிவால் 2019-ல் கொண்டுவந்த மசோதா மக்களவையில் நீண்ட விவாதத்துக்கு உள்ளாகி, 2022-ல் திரும்பப் பெறப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 1924 முதல் கட்டாய வாக்களிப்பு உள்ளது என்பதையும், அங்கு சுமார் 90 சதவீத வாக்குகள் பதிவாவதையும் இத்தகைய மசோதாக்களை ஆதரிப்போர் மேற்கோள் காட்டுவர். குஜராத் மாநிலம் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு இயற்றிய கட்டாய வாக்களிப்புச் சட்டத்தை 2015-ல் அம்மாநில உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் சட்ட ஆணையம் அளித்த 255-வது அறிக்கையும் கட்டாய வாக்களிப்பு நம் நாட்டுக்கு ஏற்றதல்ல என்றே கூறியது.

இண்டிகநத்தத்தை நினைத்துப் பார்த்தால் சட்ட ஆணையத்தின் கருத்தில் உள்ள நியாயம் விளங்கும். சாலை இல்லாத ஊரில் வாக்களிக்காதவருக்கு அபராதம் விதித்தால், குறை நீங்குமா, கோபம் பெருகுமா? வேலைக்காக வெளியூர் சென்றிருக்கும் ஏழைத் தொழிலாளி வாக்களிக்க ஊர் திரும்பும் செலவை யார் ஏற்பது? புலம்பெயர்ந்தோர் இருக்கும் இடத்திலிருந்தே வாக்களிக்க வகை செய்யும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் அரசியல் கட்சிகளுக்குச் செயல்படுத்திக் காட்ட முன்வந்தது. கட்சிகளிடையே கருத்தொற்றுமை ஏற்படவில்லை.

வசதி இருந்தும் வராதவர்கள்

இன்னொரு புறத்தையும் பார்க்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் கொள்ளேகாலை உள்ளடக்கிய சாமராஜநகர் தொகுதியில் 76 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகள் பதிவாயின. காடும் மலையும் சூழ்ந்த பின்தங்கிய தொகுதி இது. அதே நாளில், அதே மாநிலத் தலைநகரின் பெங்களூரு வடக்கு, மத்திய, தெற்கு ஆகிய மூன்று தொகுதிகளிலும் வாக்குப்பதிவு 55 சதவீதத்தைத் தொடவில்லை. தெருமுனையில் சாவடி, ஊதியத்துடன் விடுமுறை, கையில் அலைபேசி எல்லாம் இருந்தும் ஏறத்தாழ பாதிப் பேர் வரவில்லை. 2023 சட்டப்பேரவைத் தேர்தலில் அந்நகரின் ஜெயநகர் தொகுதியில் வெற்றியைத் தீர்மானித்தவை வெறும் 16 வாக்குகள் என்பதையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். தமிழகத்திலும் 2016-ல் ராதாபுரத்தில் 49 வாக்குகளும், 2021-ல் சென்னை தியாகராய நகரில் 137 வாக்குகளும் முடிவை நிர்ணயித்தன.

இண்டிகநத்தத்தில் வாக்களிக்க மறுத்தவர்களுக்குச் சொல்ல ஒரு காரணமாவது இருந்தது. வசதிகள் அனைத்தும் பெற்றும் விடுமுறையை உல்லாசப் பயணத்துக்குப் பயன்படுத்தும் நகரவாசிகள் எந்தக் காரணத்தைச் சொல்வர்? வேட்பாளர் எவரையும் பிடிக்கவில்லை என்றால், அதைப் பதிவு செய்ய 2013-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி "நோட்டா" பொத்தானும் இயந்திரத்தில் உள்ளது.

கடமை இரு தரப்புக்கும்

தேர்தல் ஆணையம் தொடங்கப்பட்ட ஜனவரி 25-ம் தேதியை 2011 முதல் தேசிய வாக்காளர் தினமாகக் கொண்டாடி வருகிறோம். உறுதிமொழி ஏற்கிறோம், பள்ளி மாணவர்களைப் பதாகைகளுடன் ஊர்வலம் விடுகிறோம். இவை தேவைதான். ஆனால், வாக்காளருக்கு மட்டும் கடமையை நினைவூட்டும் பிரசாரம் பாதி வேலையையே செய்யும்.

மீதிப் பாதியைச் செய்ய வேண்டியவர்கள் மூவர். வீட்டிலும் கடையிலும் ஆலையிலும் ஆள்களை வேலைக்கு வைத்திருப்போர், வாக்குப்பதிவு நாளில் அவர்களை முதலில் சாவடிக்கு அனுப்பிவிட்டுப் பிறகு வேலை வாங்க வேண்டும். வேட்பாளர்களும் இதற்கு விலக்கல்ல. ஐந்நூறு ரூபாய் அபராதம் போதுமா என்பதை நாடாளுமன்றம் பரிசீலிக்க வேண்டும். வெற்றி பெற்ற பிரதிநிதி, தமக்கு அதிக வாக்கு தந்த ஊரைப் போலவே, வாக்களிக்க மறுத்த ஊருக்கும் செல்ல வேண்டும்.

கர்நாடக அமைச்சரவை 2025 ஏப்ரல் 24-ம் தேதி மாதேஸ்வரன் மலையிலேயே கூடியது. தலைநகரிலிருந்து அமைச்சர்கள் மலையேறி வந்து கூடியது வரவேற்கத்தக்கதே. அந்தக் கூட்டத்தின் பயன், மலைமேல் உள்ள கோயில் நகரத்தைத் தாண்டி, அதைச் சுற்றியுள்ள காட்டுக்கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை அடுத்த தேர்தலில் இண்டிகநத்தம் சாவடியின் வாக்குப்பதிவு காட்டிவிடும். 528 பேரில் எத்தனை பேர் வரிசையில் நிற்கின்றனர் என்பதே, அந்த வட்டாரத்து அரசியல்வாதிகளின் தொண்டுக்கு மக்கள் தரும் மதிப்பெண்ணாக இருக்கும்.